கடனட்டையை நிறுத்தின கிழமை

நாட்டில் சண்டை முடிந்த வருடம், நோன்புக்கு முந்திய மாதம். ஒரு பகல் என் மனைவி ஜெமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினியில் அடுப்படியோடு இருந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை. பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னார். வெட்டி எடுக்க வேண்டும், சுணங்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தோம், முறை வர இரண்டரை மாதம். பிரைவேட்டில் அடுத்த கிழமையே செய்வார்கள். ஆனால் முற்பணம் கட்ட வேண்டும்.

கையில் காசில்லை. கடனட்டை ஒன்று இருந்தது. முற்பணம் கட்டும் அளவுக்கு அதில் இன்னும் இடம் இருந்தது.

நான் கிழக்குக் கரை நிந்தவூர் ஆள். துணி வியாபாரம். சுனாமியில் கடை போனது. உம்மாவும் போனா. அதைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு மோட்டார் சைக்கிளில் துணிக்கட்டை ஏற்றி ஊர் ஊராக விற்றேன். அட்டை கொடுக்க வந்த பேங்க் ஆள், குறித்த திகதிக்குள் முழுதும் கட்டினால் வட்டியே இல்லை என்றார். வட்டி இல்லாவிட்டால் மார்க்கம் தடுத்த ஹராம் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி வாங்கினேன். இரண்டு வருடம் ஒரு சதம் வட்டி கட்டவில்லை. அதில் பெருமையும் வந்தது.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் சனம் துணி வாங்கும் என்று நினைத்தேன். அட்டையில் கொழும்புச் சாரி நிறைய எடுத்தேன். விற்கவில்லை. சனத்திடம் என்ன இருந்தது வாங்க? ஒரு தவணை தப்பியது. அடுத்ததும் தப்பியது. தண்டம் போட்டார்கள். வட்டி வீதத்தையும் கூட்டினார்கள். நான் கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது.

அட்டையை நிறுத்தினால் ஜெமீலாவுக்கு முற்பணம் இல்லை. வைத்திருந்தால் வட்டிக்குள் இன்னும் இறங்க வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை.

இஸ்திகாரா தொழுதேன். இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இலேசாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டுத் திருப்பு என்று கேட்டேன். தொழுதால் கனவில் காட்டப்படும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆறு நாள் தொழுதேன். ஒரு கனவும் இல்லை. ஏழாம் நாள் காலை ஜெமீலாவுக்கு மறுபடி நோவு. சத்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"இண்டைக்காவது கண்டீங்களா?"

"இல்லகா."

"நீங்க கனவுக்குப் படுத்துக் கிடக்கிறீங்க. வட்டி படுக்குதா? எண்ட வயித்தச் சாட்டி அந்த அட்டைய வெச்சிருக்காதீங்க. வட்டியில எடுத்த சுகம் எனக்கு வேணாம். போய் நிப்பாட்டுங்க."

"உனக்கு ஏதும் நடந்தா?"

"கேட்டது அல்லாஹ்வுட்டத்தானே? பிறகு என்ன கேள்வி?"

பேங்குக்குப் போனேன். கவுண்டரில் மட்டக்களப்புப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல என்னைக் காக்கா என்றது.

"காக்கா, நிலுவை முடியாம மூடேலாது. ஆனா இண்டைக்கே நிப்பாட்டலாம். மிச்சத்தத் தவணையாப் போடச் சொல்லி எழுதுறன். கூட்டின வட்டியக் குறைக்கச் சொல்லியும் கேக்கிறன். குறைப்பாங்களோ தெரியா. ஒருக்கா நிப்பாட்டினா இதில ஒண்டும் எடுக்கேலாது. யோசிச்சீங்களா?"

"ஓம்."

"அவசரமில்ல. நாளைக்கு வாங்களன்."

"நாளைக்கெண்டா வரமாட்டன் தங்கச்சி."

கையெழுத்து வைத்தேன். அவள் அட்டையை இரண்டாக வெட்டினாள். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். யா அல்லாஹ், என்னிடம் இருந்த கடைசியையும் விட்டுவிட்டேன், இனி அவள் உன் பொறுப்பு என்றேன். வேறு துஆ வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வெட்ட இருந்த ஒருவருக்குக் காய்ச்சலாம். இடம் இருக்கிறது, வெறும் வயிற்றோடு வர முடியுமா என்று கேட்டார்கள். எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். ஜெமீலா போனைப் பறித்து "வாறன்" என்றாள்.

வெட்டி எடுத்தார்கள். ஒரு கல் பித்தக் குழாய் வாயில் நின்றதாம். இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரிச் சுவரோடு சாய்ந்து அழுதேன். உம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

தையல் பார்க்கப் போன நாள், நர்ஸ் காட்டி, காய்ச்சல் வந்த அந்தப் பெண்ணைக் கண்டோம். ஊர் காரைதீவு. அவவுக்கும் வெட்டி முடிந்திருந்தது.

"என்ட இடத்தில படுத்தது நீங்கதானா? என்ட காய்ச்சலுக்குக் காசு தாங்க," என்று சிரித்தா.

"காசில்ல அக்கா. சாரி தாறன். கட்டுக் கட்டாக் கிடக்கு," என்றாள் ஜெமீலா.

கூட்டின வட்டியைப் பேங்க் குறைத்தது. தண்டத்தை விடவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றேன். தவணை முடியப் பதினாலு மாதம் சென்றது. அதிலும் வட்டி இருந்தது. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினேன். இப்போது சைக்கிளில் விற்கிறேன். காசு இருந்தால் சாமான் எடுப்பேன். இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், பசியில்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல அட்டையை வைத்துக்கொண்டு முழிப்பவர் இருக்கலாம். தொழுங்கள். கேளுங்கள். கனவு வராவிட்டாலும் எழும்பிப் போங்கள். நான் பயத்தோடுதான் போனேன். பயந்தவனையும் அவன் ஏற்றுக்கொண்டான்.