எனக்காக வைத்திருந்த கட்டில்

நான் கொழும்புக்காரன். எம்.எஸ்ஸி. படிக்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது, கல்லூரிக்கு நடந்தே போகும்படி மாதுங்காவில் சிக்கனமான இடம் தேடினேன். கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு மாமி மாணவர்களுக்குக் கட்டில் வாடகைக்கு விடுவதாகத் தெரிந்தது. எனக்காக அவரிடம் பேசும்படி, பம்பாயில் முன்பே படித்துக்கொண்டிருந்த பள்ளித் தோழன் நடராஜனுக்கு எழுதினேன்.

ரயிலடிக்கு வந்தவன், "மச்சான், மாமி வீட்டில இடமில்லையாம். செம்பூரில என்ரை அறையை நீ எடு. நான் மாஹிமில சொந்தக்காரரோட இருந்துகொள்ளுவன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தன் அறையையே எனக்கு விட்டுக்கொடுத்ததை அம்மாவுக்கும் எழுதினேன்.

மூன்றாம் நாள் காற்றுத் திரும்பியது. செம்பூர் ஆலைகளின் புகை அறைக்குள் புகுந்து தொண்டையைப் பிடித்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு இருமியபடியே இரண்டு மாதம் படித்தேன். பிறகு, இடம் ஏதும் காலியாகுமா என்று கேட்க மாமி வீட்டுக்கு நானே போனேன்.

"கொழும்புப் பிள்ளை நீங்கதானா? உங்களுக்குன்னு கட்டில் வெச்சிருந்தேனே! நீங்க வரலேன்னு உங்க சிநேகிதர் வந்து சொன்னார். அப்பறம் அவரே குடிவந்துட்டார்" என்றார் மாமி.

கட்டிலடியில் நடராஜனின் டிரங்குப் பெட்டி இருந்தது.

இப்போதெல்லாம் இடம் வேண்டுமென்றால் வீட்டுக்காரருக்கே நேராக எழுதுகிறேன். நடுவில் எவனையும் விடுவதில்லை.

அறையை விட்டுக்கொடுத்த நல்ல பிள்ளைக்கென்று அம்மா எள்ளுருண்டை கொடுத்தனுப்பியிருந்தார். அத்தனையையும் நானே தின்றேன்.