பதினாறாம் நாள் முட்டைகள்

ராசிபுரம் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவர் ஜோஸ்லின். அடைப்பெட்டிகளின் சூட்டைக் கவனித்து விசிறிகளை ஓட்டும் மென்பொருளை முதலாளி கந்தவேல் காசு கொடுத்து வாங்கியிருந்தார். விற்ற கம்பெனியை மூடி வருடக்கணக்காகிறது. அந்த மென்பொருளைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் இயங்குதளமோ இலவசம். இரண்டு வருடத்துக்கொரு முறை புதிதாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய மென்பொருளைக் கரை சேர்த்தவர் ஜோஸ்லின்தான்.

போன மாசியில் ஒரு காலை, கம்ப்யூட்டர் உயிரை விட்டது. பெட்டிகளுக்குள் நாற்பதாயிரம் முட்டைகள், அடைக்கு வைத்த பதினாறாம் நாள். அந்தப் பருவத்தில் கருவே சூடு கக்கும்; விசிறி அளவாக ஓடாவிட்டால் அத்தனையும் உள்ளேயே வெந்துபோகும். ஆட்கள் தெர்மாமீட்டரும் கையுமாகக் கதவுகளைத் திறந்து திறந்து மூடினார்கள்.

அவசரமாக வாங்கி வந்த கம்ப்யூட்டரில் ஆகப் புதிய லினக்ஸ்தான் ஏறியது. ஜோஸ்லின் மென்பொருளை இயக்கினார். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது திரை. கோப்பு கண்ணெதிரே கிடந்தது.

"ஏனம்மணி, பொழைக்குமா?" என்றார் கந்தவேல்.

"பாக்கறேங்க."

பிறகுதான் உறைத்தது. மென்பொருள், இப்போதைய 64 பிட் கம்ப்யூட்டர்களுக்கு முந்திய 32 பிட் காலத்தது. அதைத் தொடங்கிவைக்கும் துணைக்கோப்புகள் புதியதில் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். கேட்டார், இணையத்திலிருந்து இறங்கின. மறுபடி இயக்கினார். விசிறிகள் சுற்றத் தொடங்கின.

இந்தப் பழசையெல்லாம் இன்னுமா வைத்திருக்கிறார்கள் என்று அவற்றின் திருத்தக் குறிப்பைத் திறந்தார். போன மாதம்தான் ஒருவர் ஒரு பிழையைச் சரிசெய்திருந்தார். பெயர் லூபோமிர். எந்த நாடோ, எந்த மொழியோ. தானாக முன்வந்து செய்யும், சம்பளம் இல்லாத வேலை. ராசிபுரம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாத மனிதர். ஜோஸ்லினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பெயரை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள், சனிக்கிழமை, குஞ்சுகள் பொரிந்தன. கட்டடம் முழுக்க ஒரே கீச்சுக்குரல்.

மறுநாள் சேலத்துப் பங்குக் கோயிலில் நன்றிப் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார். பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஆரோக்கியசாமி சீட்டை இரண்டு முறை படித்தார்.

"லூபோமிரா? யாரும்மா இது, சொந்தமா?"

ஜோஸ்லின் பூசைக் காணிக்கையை நீட்டினார்.

"ஆமாங்க. நாப்பதாயிரம் உசுருக்குச் சொந்தம்."