இல்லாத இன்வர்ஸைக் கண்டுபிடித்த வகுப்பு

மாணவர்கள் தலையாட்டினால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பியவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ஹடப்சர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் நடத்தப் போனபோது என்னிடம் இருந்த கல்வியியல் ஞானம் அவ்வளவுதான். நான் நோட்ஸ் சொல்வேன், அவர்கள் எழுதுவார்கள், நிமிர்ந்து பார்த்தால் எல்லாத் தலைகளும் ஆடும். என்னைப் போல ஓர் ஆசிரியன் புனேயிலேயே கிடையாது என்ற நினைப்போடு ஸ்கூட்டரில் கோந்த்வாவுக்குத் திரும்புவேன்.

மேட்ரிக்ஸ் என்பது புள்ளிகளை இடம் மாற்றிப் போடும் ஓர் எண்கட்டம்; அது செய்த வேலையைத் திருப்பிப் போடுவது இன்வர்ஸ். சில மேட்ரிக்ஸுக்கு அது கிடையாது. ஒரு டெஸ்டில், விஷமத்துக்காகவே, அப்படி ஒன்றைக் கொடுத்து இன்வர்ஸ் கேட்டேன். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் கண்டுபிடித்துவிட்டது. பூஜ்யத்தால் வகுத்து, ஸ்கேல் வைத்து, விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

பயந்துபோனேன். அவர்கள் படிப்பை நினைத்து அல்ல. நான் தற்காலிக ஆசாமி; ஜூனில் மறுபடி எடுப்பதும் துரத்துவதும் துறைத் தலைவர் கையில் இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்றார் சக ஆசிரியர் ஒருவர். பல்கலைக்கழக வினாத்தாளில் இன்வர்ஸ் கேட்டால் இன்வர்ஸ் இருக்கும், அதுதான் மரியாதையாம்.

நோட்ஸை நிறுத்தினேன். கிராஃப் தாளில் ஒரு சதுரம் வரையச் சொன்னேன். இந்த மேட்ரிக்ஸ் அதன் மூலைகளை எங்கே கொண்டுபோகும் என்று முதலில் ஊகி, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடு, கணக்கு அப்புறம் என்றேன். பரீட்சைக்கு வருமா என்று ஹிந்தியில் ஒரு குரல் கேட்டது. வராது என்றதும் பேனாக்களை மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு கும்பல் போய், ஸர் பாடமே நடத்துவதில்லை என்று புகார் கொடுத்தது. துறைத் தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அவர் வரும் நாள் காலை வாசலில் மனைவி நிறுத்தினாள்.

"ஏனுங்க, பாடம் நடத்தப் போறீங்களா, ஜெயிலுக்குப் போறீங்களா? சட்டையைத் திருப்பிப் போடுங்க, தையல் வெளிய தெரியுது."

துறைத் தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேல் வரியில் 1, 2. கீழ் வரியில் 2, 4 என்று எழுதிப் போட்டேன். சதுரத்தின் மூலைகள் ஒவ்வொன்றாகப் போய் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. சதுரத்தைக் காணோம். புகார்க் கும்பலின் தலைவன் தாளை முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஸர், ஆதா பரத் கஸ யேணார்?"

இனி எப்படித் திரும்பி வரும் என்று மராத்தியில் கேட்கிறான். வராது, அதனால்தான் இன்வர்ஸ் இல்லை என்றான் பக்கத்தில் இருந்தவன். மூன்றாமவன் அதை மறுத்தான். வகுப்பு மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. நான் போர்டில் அந்த நேர்கோட்டை வரையத் திரும்பிக்கொண்டேன். பெரிய உத்தி ஒன்றும் இல்லை, துறைத் தலைவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

வகுப்பில் சத்தம் அதிகம், போர்டில் கோடு கோணல் என்று துறைத் தலைவர் தீர்ப்புச் சொன்னார். பல வருடம் அதே பாடத்தை நடத்தியவர். சதுரம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த டெஸ்டில் அதே மாதிரிக் கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல் இன்வர்ஸ் கிடையாது என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகப் பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. எல்லா வருடமும் தேறுகிற அளவுதான் அந்த வருடமும் தேறினார்கள்.

ஜூனில் என்னையே மறுபடி எடுத்தார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.