சவரிமுத்து கையோடு கொண்டுபோன மணி

செய்தி வந்தபோது நான் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். திருச்சினாப்பள்ளியில் படிக்கும் நம் பக்கத்து மாணவர்களின் சங்கம் கோடை விடுமுறைக்கு ஊர் வந்து, காரைக்குடியில் நடத்தவிருந்த முதல் கூட்டத்துக்கான தலைமையுரை அது. மானகிரிப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆத்தா உள்ளே வந்தார்கள். "ஏப்பா, ஒன்கூடத் திருச்சினாப்பள்ளியில படிக்கிற வேதக்காரப் பிள்ளை, சவரிமுத்து, முந்தாநாள் தவறிப்போச்சாம். விசக்காய்ச்சலாம். அன்னைக்கே அடக்கமும் ஆயிருச்சாம்" என்றார்கள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. முதல் வாக்கியம் வந்தது. "மலரும் முன்னே உதிர்ந்தான் நம் மாணிக்கம்." இதைத் தாழ்ந்த குரலில் தொடங்கி, ‘மாணிக்கம்’ என்ற இடத்தில் நிறுத்தினால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. கண்ணாடியில் என் முகம் எனக்கு எதிரே இருந்தது. அந்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சங்கத்து நண்பர்களே, இரங்கற் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையை நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு அப்படியே எழுதித் தரும்படி கேட்டீர்கள். அதைத் தருவதற்கில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் தலைவனாக வைத்திருப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னை மேடையில் ஏற்றியவன் சவரிமுத்துதான். முதல் வருஷம் கல்லூரியில் சேர்ந்தபோது நான் கடைசி பெஞ்சுக்காரன். பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். விடுதியில் பக்கத்து அறைக்காரனான அவன் ஒருநாள் என்னைக் கேட்காமலே நம் சங்கத்துச் சொற்போருக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். நான் சண்டைக்குப் போனேன்.

"ஏன் செட்டியாரே, இப்ப என்னைத் திட்டுறதுக்கு மட்டும் வாய் எங்கிட்டிருந்து வந்துச்சு? மேடையில ஏறுனா மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்றான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "தெரிஞ்சதச் சொல்லு. தெரிஞ்சது தீந்துபோனா உக்காந்துரு. அம்புட்டுத்தான் பேச்சு."

அன்று எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.  அதற்கே நாலு பேர் தலையாட்டினார்கள். என் படிப்புக் காலத்தில் நான் வளர்ந்தேன் என்று ஏதேனும் உண்டானால் அது அன்று தொடங்கியது. சங்கடம் என்னவென்றால், அது அன்றைய அளவோடு நிற்கவில்லை. தலையாட்டல் கைதட்டலாயிற்று. கைதட்டலின் ருசி கண்டவனுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி உட்கார மனம் வருமா?

மூன்றாம் வருஷம் நான் தலைவன், அவன் காரியதரிசி. மேசை மேல் இருக்கும் பித்தளை மணி அவன் வசம். உள்ளங்கையால் தட்டினால் ‘டிங்’ என்று சொல்லுமே, அந்த மணி. நேரம் முடிந்தால் இரண்டு தட்டு என்பது சங்கத்தின் விதி. அதற்கு மேல் அவனாக ஒரு விதி வைத்திருந்தான். பேசுகிறவன் இல்லாததைச் சேர்த்து அளந்து விட்டால், ஒற்றை விரலால் மெல்ல ஒரு தட்டு. அது சபைக்கு அவ்வளவாகக் கேட்காது. அளந்தவனுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்.

கடல் கடந்து வணிகம் செய்வது நன்றா தீதா என்று ஒரு சொற்போர் நடந்தது. நான் ரங்கூனைப் பற்றி முழங்கினேன். "இந்தக் கண்களால் கண்டேன், பொன்வேய்ந்த கோபுரங்களை!" என்றேன். டிங்.  அன்று விடுதிக்குத் திரும்பியதும் கத்தினேன்.

"நீ எப்ப ரங்கூனுக்குப் போனே?" என்று நிதானமாகக் கேட்டான் அவன்.

"அப்பச்சி அங்கதானே இருக்காக. அவுக சொல்லிக் கேட்டதுதான்."

"அப்ப ‘எங்க அப்பச்சி சொன்னாக’ன்னு சொல்ல வேண்டியதுதானே? வருசக்கணக்கா அப்பன் முகம் பாக்காத பிள்ளை, அப்பன் வாய்ச்சொல்லா ஒரு ஊரை வச்சிருக்கான். அதுல இல்லாத அழகா நீ சொன்னதுல இருக்கு?"

 இதற்கு, அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததுதான் என் பதில்.

அவனை உத்தமனாக்கிக் காட்ட நான் இதையெல்லாம் எழுதவில்லை. அவனுக்குக் குறும்பு அதிகம். பிடிக்காத பேச்சாளர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே மணியடிப்பான் என்று உங்களில் சிலர் குறைப்பட்டது உண்மைதான். கணக்கில் தேறமாட்டான். விடுதிச் சாம்பாரைப் பழித்துக்கொண்டே மூன்றாவது முறையும் ஊற்றச் சொல்வான். ஆனால் அந்த ஒற்றைத் தட்டை அவன் ஒருநாளும் தவறாகத் தட்டியதில்லை.

தேர்வு முடிந்த கையோடு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு இன்னும் ஒரு தேர்வு பாக்கி இருந்ததால் அவன் முன்னதாகப் புறப்பட்டான். ரயிலடிக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தவன் நான். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்தும் பார்க்கவில்லை. அவன் ஊரான மானகிரி என்ன காசித் தூரத்திலா இருக்கிறது? தொடக்கக் கூட்டம் முடியட்டும், போகலாம் என்று இருந்துவிட்டேன்.

செய்தி வந்த அன்றே இரங்கற் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். ஆத்தாவுக்கு இது விளங்கவில்லை. "கேதம் கேக்கப் போகாம கூட்டம் போடப் போறியாக்கும்? பிள்ளையத் தோத்தவுக வீட்டுல போயி ஒரு நாழி பேசாம உக்காந்துட்டு வாப்பா" என்றார்கள். காலம் மாறியது ஆத்தாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நமக்குக் கூட்டம் என்றால் ஒரே முறைதான் தெரியும். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. அதே முறையில் ஒருவன் சாவையும் நடத்தினோம். அவனுடைய தகப்பனார் அந்தோணிசாமி அவர்களை நாம் அழைத்தபோது, பையன்கள் எல்லாரும் கேதம் கேட்கத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். உழவுக்காரர், தோளில் துண்டு. தரையில் உட்காரப் போனவரைப் பிடித்து மேடை நாற்காலியில் உட்கார வைத்தோம். "மணி எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். "இரங்கற் கூட்டத்துக்கு மணி எதற்கு?" என்றேன் நான்.

நான் பேசினேன். மாணிக்கம் உதிர்ந்தது. பேசப் பேசச் சபை என் கைக்குள் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். முடிவு இன்னும் ஓங்கி நிற்க வேண்டும் என்று தோன்றவே, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ரயிலடியில் என் கையைப் பற்றிக்கொண்டு அவன் கடைசியாகச் சொன்னான். நண்பா, இனி நான் திரும்ப மாட்டேன். நம் சங்கத்தை உன்னிடம் ஒப்படைத்துச் செல்கிறேன் என்றான்!"

அவன் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கொட்டகை அதிரக் கை தட்டினீர்கள். பழக்கத்தில் தட்டினீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. என் கைகளும் பழக்கத்தில் குவிந்து வணங்கின. உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை. வணங்கித் திரும்பியபோது அந்தோணிசாமி அவர்களைப் பார்த்தேன். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். இதுதான் இங்கே முறை போலும் என்று எண்ணியிருக்க வேண்டும். மடியில் இருந்த கைகளை எடுத்து, அவரும் மெல்லத் தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் சோடா குடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "தம்பி நல்லாப் பேசுனீக" என்றார். பிறகு பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ரயிலேறுறப்பவே அவனுக்குத் தெரிஞ்சு போச்சா தம்பி? திரும்ப மாட்டேன்னு வாயால சொன்னானா?"

நான் சோடாவைக் கீழே வைத்தேன்.

"எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே. சாதாக் காய்ச்சல்னுதானே கசாயம் போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தோம். அவனுக்கே தெரிஞ்சிருந்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வண்டியக் கட்டி மதுரைக்குக் கொண்டு போயிருப்பேனே. அப்பன் கையில காசு ஏதுன்னுட்டு சொல்லாமப் போயிட்டானா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை போதும். இரண்டு பேர் ஓடிவந்து, "தலைவரே, பிரமாதம்!" என்று என் கையைக் குலுக்கினார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ஆயிரம் பேர் சபையில் கூசாத நாக்கு அந்த ஒருவர் முன் எழவில்லை.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் போனேன். வழி நெடுக எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே போனதையும் சொல்லிவிடுகிறேன். புத்தி அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. வீட்டில் நுழைந்ததும் அவனுடைய தாயார் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானா தம்பி அது? ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். பெத்தவகிட்டச் சொல்லல" என்றார்கள். கோத்து வைத்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பொய்யும்மா. நான் சொன்னது பொய். அவன் அப்படிச் சொல்லவே இல்ல. கூட்டத்துல நல்லாருக்கும்னு நானாச் சொன்னேன்" என்றேன்.

அந்தோணிசாமி அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "கை தட்டுனாகளே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து மாட்டுக்கொட்டில் பக்கம் போய்விட்டார்.

தாயார்தான் கேட்டார்கள். "அப்ப நெசமா என்னதான் சொன்னான்?"

சொல்லக் கூசிற்று. அழத் தக்க பேச்சே அல்ல அது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சிரித்துக்கொண்டு அவன் சொன்னது இதுதான்: "செட்டியாரே, சங்கத்து மணிய நான் கையோட கொண்டுபோறேன். ஒன்ன நம்பி விட்டுட்டுப் போனா, நீ அதைக் கெணத்துல போட்டுருவே. ஊர்க் கூட்டத்துல வச்சுக்குறேன் ஒன்ன."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். "ஏங்க, இங்குட்டு வாங்க! கேளுங்க இதை!" என்று கொட்டிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். உள்ளே போய் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பித்தளை மணியை எடுத்து வந்தார்கள். "வேட்டிக்குள்ள சுத்தி வச்சிருந்தான். இது என்னத்துக்கு, எங்க எடுத்தான்னு ரெண்டு பேரும் மண்டைய ஒடைச்சுக்கிட்டுக் கெடந்தோம். பிள்ளை ஒருத்தர் பொருளை எடுக்க மாட்டானேன்னு இவுகளுக்கு ஒரே வெசனம்."

தகப்பனார் வாசற்படியில் வந்து நின்றார். நான் இன்னொரு முறை சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். "ஊர்க் கூட்டத்துல வச்சுக்குறேன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வரத்தான் நெனைச்சிருக்கான்" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அழுது ஓயும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என்னை மன்னித்தார்கள் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. தாயார் மணியைத் தரையில் வைத்து, "எப்படித் தட்டுவான்?" என்று கேட்டார்கள். நேரம் முடிந்ததற்கு இரண்டு என்று தட்டிக் காட்டினேன். அளந்தால் ஒன்று என்று சொல்லி, ஒற்றை விரலால் தட்டினேன். அவர்கள் அதை வாங்கி, அவ்வண்ணமே மெல்ல ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். என்னைக் குத்திக் காட்டத் தட்டவில்லை. மகன் விரல் பட்ட இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு மணியை என் கையில் கொடுத்தார்கள். கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன். ஆத்தா சொன்ன ஒரு நாழிக்குப் பேசாமல் உட்காரும் வேலையைத்தான் கடைசியில் கொஞ்சமாவது செய்திருந்தேன்.

சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மணி. சங்கத்துப் பொருள்தான், கேட்டால் கொடுத்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் அதன் பக்கத்தில் என்னை உட்கார வைக்காதீர்கள். எனக்கு மணியடிக்கக் கூசாதவன் யாரையாவது உட்கார வையுங்கள். இதை எழுதும்போது அது என் மேசை மேல்தான் இருக்கிறது. ‘அவன் பிரிவால் நான் புது மனிதன் ஆனேன்’ என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். விரல் தானாகப் போய் ஒரு தட்டுத் தட்டிற்று. அந்த வரியை அடித்துவிட்டேன்.

தெரிந்தது தீர்ந்துவிட்டது. உட்காருகிறேன்.