தலைவனின் மேலங்கியில் பதினேழு கறைகள்

ஊசி துணிக்குள் முழுதாக இறங்கவில்லை. மேல் இழைகளை மட்டும் அள்ளிக்கொண்டு அரை அங்குலம் தள்ளி வெளியே வந்தது, மறுபடி இறங்கியது. சிவப்பு நூல். வலது கை தைத்துக்கொண்டே போக, இடது கையின் நடுவிரல் துணிக்கு அடியில் இருந்தபடி, கறை எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தது. காய்ந்த கறைக்கு ஒரு விறைப்பு உண்டு. கண்ணுக்குத் தப்புகிற ஓரம் விரலுக்குத் தப்பாது. உள்ளங்கை அகலக் கறையை நூல் ஒரு சுற்று வளைத்து முடித்ததும், கைகள் நூலை அறுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தன. இது எண்ணெய்க் கறை. ஊசியில் மஞ்சள் நூல் ஏறியது.

மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது கனத்த கம்பளியில் தைத்த ஒரு மேலங்கி. கழுத்தில் போலி ரோமம். கறைகள் மொத்தம் பதினேழு. ரத்தத்துக்குச் சிவப்பு நூல், எண்ணெய்க்கும் தாருக்கும் மஞ்சள், சேற்றுக்குக் கறுப்பு, இன்னதென்று உடனே தெரியாததற்கு வெள்ளை. அங்கியோடு ஊசி குத்தி வந்த சீட்டு, மேசை ஓரத்துத் தகர டப்பாவில் கிடந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

அந்தச் சலவைக்கடையில் கறை எடுப்பது அவள் வேலை. வாடிக்கைக்காரர்கள் கறைக்காரம்மா என்பார்கள். கல்யாணமாகி அந்தக் கடைக்கு வந்தபோது அவளுக்குத் துணி மடிக்க மட்டுமே தெரியும். மாமனார் எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து வைத்திருந்தார்: வெளுப்புத்தூள். கறையும் போகும், சில சமயம் துணியும் போகும். ஒரு நாள் ரத்தம் பட்ட சட்டை ஒன்றை அவள் வெந்நீரில் முக்கிவிட்டாள். கறை சாகும்வரை அங்கேயே இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தையற்கடையில் வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, மதிய வேளைகளில் அவற்றின்மேல் தானே ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தாள். டீ, காப்பி, துருத்தண்ணீர், பூட்ஸ் பாலிஷ், மெழுகு, மெஷின் எண்ணெய். எது எதற்கு மசிகிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். கடைசிப் பக்கங்களுக்கு ‘போகாதவை’ என்று தலைப்பு.

நூல் போடுவதும் அவளே கண்டுபிடித்த முறைதான். நனைந்துவிட்டால் துணி முழுக்க ஒரே கறுப்பாகிவிடும், கறை ஒளிந்துகொள்ளும். நூல் இருந்தால் ஒளிய இடம் கிடையாது. எல்லாம் முடிந்து, துணி காய்ந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்த பிறகுதான் நூலைப் பிரிப்பாள்.

சீட்டை முதலில் படிக்காததற்கும் காரணம் உண்டு. சீட்டில் மனிதர்கள் பொய் எழுதுவார்கள். ‘டீ’ என்று எழுதியிருக்கும், மோந்து பார்த்தால் ஒயின். உதட்டுச்சாயத்தைச் ‘சிவப்பு மை’ என்று எழுதிக் கொடுத்த கணவன்மார் மூன்று பேரை அவளுக்குத் தெரியும். அந்த மூவரின் மனைவிகளையும் தெரியும். வாய் திறந்ததில்லை. “சீட்டைப் படிக்காதே, துணியைப் படி” என்பது கடையில் அவள் வைத்த சட்டம். சீட்டு டப்பாவுக்குப் போகும். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது யாருடையது என்று பார்க்க மட்டும் வெளியே வரும்.

இந்த அங்கியைக் கொண்டுவந்து போட்டவன் அவள் தம்பி. நாற்பது வயதுக்குள் ஏழு வேலை பார்த்து, ஏழிலும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றவன். எட்டாவதாக ஒரு வேலை அமைந்து, அதில் இரண்டு காலையும் ஊன்றியிருந்தான். ஆயிரம் வருடங்களுக்கு முன் வடகடலில் நீளப் படகுகளில் கோடரியோடு கிளம்பிய வைக்கிங் வீரர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. மூன்று சீசன் ஓடி முடிந்து, நான்காவதற்குப் படப்பிடிப்பு நடந்தது. வீரர்களின் தலைவனாக வருபவருடைய உடைகள் இந்த சீசனில் தம்பியின் பொறுப்பு. அன்று வெளியே வண்டி காத்திருந்தது. அங்கியை மேசையில் எறிந்துவிட்டு, “அக்கா, மூணாம் நாள் காலைல வர்றேன்” என்று ஓடிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு வந்தான்.

“அங்கி எங்கக்கா?”

“கொடியில. போய்ப் பாரு. நேத்து தறியிலேர்ந்து இறங்கின மாதிரி இருக்கு.”

தம்பி போய்ப் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். பிறகு அருகிலிருந்த அழுக்குமூட்டையின்மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

“அக்கா. கறை எங்க?”

“இதென்னடா கேள்வி? அதை எடுக்கத்தானே குடுத்த?”

“சீட்டுல எழுதியிருந்தேனே!”

கறைக்காரம்மா டப்பாவைக் கவிழ்த்தாள். சீட்டில் தம்பியின் கையெழுத்து தெளிவாக இருந்தது. ‘வியர்வை வாடையை மட்டும் எடுக்கவும். கறைகளைத் தொட வேண்டாம். மிக முக்கியம்.’ கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. இருபத்தாறு வருடத்தில் உண்மை எழுதி வந்த சீட்டு இது ஒன்றுதான் போலும்.

இஸ்திரி மேசையிலிருந்து அவள் கணவர் ஓடிவந்தார். அந்தத் தொடரின் மூன்று சீசனையும் இரண்டிரண்டு தடவை பார்த்தவர். அவள் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. “தாடிக்காரங்க தாடிக்காரங்களை வெட்டுறதுல என்ன கதை?” என்பாள்.

“ஐயோ, இது தலைவனோட அங்கி!” என்றார் அவர். “மூணாவது சீசன் முடிவுல போர் பாதியில நிக்குது. மண்டி போட்டு உக்காந்திருக்கான். நாலாவது அதே நொடியிலதான் ஆரம்பிக்கணும். ஊரே காத்திருக்கு.”

“நாளைக்குக் காலைல அந்தக் காட்சிதான் மாமா,” என்றான் தம்பி. “இந்த அங்கி ஒண்ணுதான் இருக்கு. உடைக்கெல்லாம் போலிக் கறை போடுறவர் கப்பல் காட்சிக்குக் கடற்கரைக்குப் போயிட்டார், வர நாலு நாளாகும். உடைப்பிரிவுத் தலைவி நாலு மணிக்கு இங்கயே வண்டியோட வர்றாங்க. ‘எங்கக்கா கடை, நம்பிக் குடுக்கலாம்’னு நான்தான் அவங்ககிட்ட மார் தட்டினேன். இதோட என் சீட்டும் கிழிஞ்சுது. ஒன்பதாவது வேலை தேட வேண்டியதுதான்.”

சட்டம் அவளுடையது, தவறும் அவளுடையது, வேலை போகப்போவது அவனுக்கு. கொடியிலிருந்த அங்கியை எதற்கென்றில்லாமல் தடவினாள். விரலில் நூல் தட்டியது.

“டேய்,” என்றாள். “நூலை இன்னும் பிரிக்கலடா.”

இருவரும் பார்த்தார்கள். சுத்தமான கம்பளியின்மேல் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பதினேழு காலி வளையங்கள்.

“உங்ககிட்ட படம் இருக்குமா?”

“போன்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்கு. ஆனா அதை மட்டும் பாத்துப் போட்டா வரைஞ்ச மாதிரி ஆயிடும்னு கறை போடுறவர் சொல்வார்.”

“படம் கலருக்குப் போதும். ஓரத்துக்கு நூல் இருக்கு. எது எந்த அளவுக்கு ஊறியிருந்துச்சுன்னு என் கைக்குத் தெரியும். ரத்தம் எங்க வாங்குவீங்க?”

“செட்ல அஞ்சு லிட்டர் கேன் இருக்கு.”

“போய் எடுத்துட்டு வா. வழியில சிந்திடாத, போலீஸ் நிறுத்தினா என்னால வர முடியாது.”

அவன் திரும்பி வருவதற்குள் அவள் நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். ‘போகாதவை.’ எடுக்க முடியாமல் தோற்ற கறைகளின் பட்டியல் அது. முதல் தடவையாக அது பயன்படப் போகிறது. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டுச் சூடாக்கினாள். டீத்தூளைக் கறுக்கும்வரை கொதிக்கவிட்டாள். தாருக்குப் பதிலாகக் கறுப்புப் பாலிஷை மெழுகோடு உருக்கினாள். கடைக்குப் பின்னால் குழாயடியிலிருந்து சேறு எடுத்துத் துணியில் வடிகட்டினாள். பழைய கம்பளித் துண்டு ஒன்றில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்த பிறகுதான் அங்கியைத் தொட்டாள். கேன் ரத்தம் தனியாகப் போட்டால் பழச்சாறு மாதிரி இருந்தது. துருத்தண்ணீரில் மூன்று சொட்டும் டீயில் ஒரு கரண்டியும் விட்டதும் பழசாயிற்று.

“ஏங்க, பெட்டியை எடுத்துட்டு வாங்க. இது மேல இஸ்திரி போடுங்க.”

இஸ்திரிக்காரர் அசையவில்லை. “எது மேல?”

“கறை மேலதான்.”

“இருபத்தாறு வருஷமா ‘கறை மேல பெட்டியை வெச்சா கையை ஒடிப்பேன்’னு சொன்னவ நீ.”

“சூடு பட்டா கறை பிடிச்சுக்கும்னுதான் சொன்னேன். இப்பப் பிடிக்கணும். வைங்க.”

“எழுதிக் குடு,” என்றார் அவர். “நாளைக்கு மாத்திப் பேசுவ.” ஆனால் மெல்லிய துணி ஒன்றைப் போட்டு, பெட்டியை ஆசையோடு வைத்து எடுத்தார்.

மதியத்துக்குள் பத்து வளையங்கள் நிறைந்தன. இடது தோளில் வந்து நின்றார்கள். அங்கேதான் பெரிய கறை. அங்கே மூன்று நிற நூல் ஒன்றின்மேல் ஒன்று ஓடியது. ரத்தம், தார், சேறு. எது முதலில்?

“ரத்தம்தான் முதல்,” என்றார் இஸ்திரிக்காரர். “மூணாவது சீசன், எட்டாவது பகுதி. தலைவனோட அண்ணன் அவன் மடியில சாவான். நான் அழுதேன். அப்புறம்தான் தாரு, சேறு எல்லாம்.”

“இல்லைங்க. எடுக்கும்போது சேறு முதல்ல வந்துச்சு, ரத்தம் அடுத்து, தாரு கடைசி. அடியில இருந்ததுதான் கடைசியா வரும். தாருதான் முதல்.”

“நீ ஒரு பகுதிகூடப் பாக்காம எனக்குக் கதை சொல்றியா?”

போனில் தேடினார்கள். இரண்டாவது பகுதியில், அண்ணன் சாவதற்கு வெகு முன்னால், தலைவன் படகுக்குத் தார் பூசிவிட்டுக் கையை இடது தோளில் துடைத்தான். ஒரு நொடிதான். இஸ்திரிக்காரர் படத்தை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

“ரெண்டு தடவை பாத்தும் எனக்குத் தெரியல,” என்றார். “நீ துணியிலயே பாத்திருக்க.”

தார் முதலில் போனது, அது ஆறியதும் ரத்தம், அதன்மேல் பெட்டி, கடைசியாகச் சேறு. சேறு பாதி காய்ந்ததும் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினாள். போர் செய்தவன் மழையில் ஓடியிருந்தால் சேறு கீழ்நோக்கித்தானே வழிந்திருக்கும்.

மூன்றரைக்கு ஒரே ஒரு வளையம் மிச்சம். கீழ் விளிம்பருகில், வெள்ளை நூல்.

“இது என்னதுன்னு எடுக்கும்போதே கண்டுபிடிச்சேன்,” என்றாள். “பால் ஊத்தின டீ. சக்கரை தூக்கல். அந்தக் காலத்து வீரன் இதைக் குடிச்சிருக்க மாட்டானேடா?”

தம்பி சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலை ஆழ்ந்து படித்தான்.

“போட்டோல இருக்கா?”

“இல்ல. போட்டோ எடுத்ததுக்கு அப்புறம் விழுந்தது.” பிறகு குரலை இறக்கினான். “என் டம்ளர்தான்க்கா.”

அவள் அந்த நூலை மட்டும் ஒன்றும் போடாமலே உருவினாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சரியாக நாலு மணிக்கு வெளியே வண்டி நின்றது.

“அக்கா, நடந்ததைச் சொல்லணுமா?” என்று தம்பி கிசுகிசுத்தான். “பாத்தா ஒண்ணும் தெரியாதே.”

“மூடி வெச்ச கறைதான் பின்னாடி மஞ்சளாத் தெரியும். நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு.”

உடைப்பிரிவுத் தலைவி உயரமான பெண்மணி. கழுத்தில் அளவுநாடா, கையில் பெரிதாக்கிய படங்கள். கறைக்காரம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. நேராகச் சொன்னாள்: “சீட்டைப் படிக்காம நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன் மேடம். தப்பு என்னோடது, இவனோடது இல்ல. திரும்பப் போட்டிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க.”

தலைவி முகம் மாறியது. படங்களை மேசையில் பரப்பினார். ஒவ்வொரு கறையாகப் படத்தையும் துணியையும் பார்த்தார். தோளில் நெடுநேரம் நின்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அங்கியைத் திருப்பி உள்பக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்தார். தம்பி, அவள் பிரித்துப் போட்ட நூல்களை எண்ணுவதுபோல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் அங்கியை முகத்தருகே கொண்டுபோய் மோந்தார்.

“வாடையும் போயிருக்கு,” என்றார்.

“அதுக்குத்தானே குடுத்தீங்க.”

தலைவிக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். மேசையில் திறந்து கிடந்த நோட்டில், அந்த அங்கியின் கறைகளை அவள் குறித்து வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தார். “நோட்டுல பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. இங்க பதினாறுதான் இருக்கு?”

தம்பி நிமிரவில்லை. கறைக்காரம்மாவும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

“ஒண்ணு எடுக்க வேண்டிய கறை மேடம். அதை எடுத்துட்டேன். அதான் என் வேலை.”

தலைவி அவளையும் தம்பியையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. தம்பியிடம், “காலைல ஆறு மணிக்குச் செட்ல இரு. இதை நீதான் அவருக்குப் போட்டுவிடணும். சட்டைகளை எல்லாம் அடுத்த வாரம் இங்கயே கொண்டுவந்து குடு. வாயால சொல்லிக் குடு, எழுதாத,” என்றார். தம்பி தலையாட்டினான்.

கடை வழக்கப்படி இஸ்திரிக்காரரின் கை, முடிந்த துணிகளில் கட்டும் ‘சுத்தம்’ என்ற முத்திரைச் சீட்டை எடுத்துவிட்டது. மனைவி பார்த்த பார்வையில் அதை மேசையிலேயே வைத்துவிட்டார்.

“மடிக்காத, தோள் உடையும்,” என்றாள் அவள். “சேறு உதிர்ந்தா உதிரட்டும், தட்டாத. ரெண்டு கையையும் நீட்டு.”

தம்பி நீட்டினான். தார் தோள் மேலாக இருக்கும்படி, சேறும் ரத்தமும் துருவும் படிந்த அங்கியை அவள் அந்தக் கைகளின்மேல் கிடத்தினாள்.