கழுவிய போத்தல்

“...கழுவாத போத்தலை ஒருத்தற்றை கையிலை குடுக்கிறதே, தம்பி? மனிசி உயிரோடை இருந்திருந்தால் என்னைக் கிழிச்சிருப்பாள்” என்றார் அந்த விவசாயி. அவர் சொன்னது நோர்வேஜிய மொழியில். தம்பி என்பது நான் சேர்த்துக்கொண்டது. ஒஸ்லோவில் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்திய முதல் வருடங்கள் அவை. என் மனைவி விசா வராமல் யாழ்ப்பாணத்தில். நான் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் அறையில். தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்துக்கு வான் ஓட்டினேன். நகரத்துக்கு வெளியே ஓர் ஓடை. அது போய் விழுகிற ஏரி கோடையில் பாசி பிடித்துப் பச்சையாகிவிட, ஓடைக்கரை விவசாயிகள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரவர் எல்லை முடிகிற இடத்தில், ஆய்வுகூடம் கொடுக்கிற போத்தலில் அவரவரே தண்ணீர் பிடிப்பது. முடிவு வந்ததும் ஒருவருடைய கொட்டகையில் கூடி, கோப்பி குடித்தபடி எல்லோர் முன்னும் வாசிப்பது.

உரம் கரைந்து ஓடினால் தண்ணீரில் பாசியை வளர்க்கிற பொஸ்பரஸ் ஏறும். அந்த விவசாயியின் போத்தலில்தான் அது எப்போதும் கூட. இத்தனைக்கும் கோதுமையை விட்டுக்கொடுத்து, உரம் ஓடைக்குள் போகாமல் தடுக்க ஓடையோரம் புல் வளர்த்தவர் இவர். “ஒளிச்சு ஒளிச்சு உரம் வீசுறாய் போலை” என்று எதிர்க்கரைக்காரர் பகிடி விட்டதோடு, இவர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். “கோப்பியோடை என்னையும் கலந்து குடிக்கிறாங்கள்” என்பார். பிறகு அவருக்குக் கதைபேச்செல்லாம் போத்தல் எடுக்கப் போகிற என்னோடு மட்டும்தான். எனக்கும் அப்படித்தான்.

அன்று கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். நாங்கள் கொடுத்த போத்தல், பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்குத்தான் அந்தக் ‘கழுவாத போத்தல்’ பதில்.

“ஐயோ, நாங்கள் தாறதே கழுவின போத்தல். மெஷினுக்குப் போடுற இந்தத் தூளிலை பொஸ்பரஸ் இருக்கெண்டு ஆய்வுகூடத்திலை சொல்லுறவை. அதுதான் போத்தலிலை ஒட்டியிருந்து கூட்டிக் காட்டுது. பிழை உங்கடை வயலிலை இல்லை.”

கதிரையை இழுத்து இருந்தார். “அப்ப ஏரியைக் கெடுத்தது நானில்லை?”

“இல்லை. அவையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

“சொன்னால் சிரிப்பாங்கள். போத்தலுக்குச் சோப் போட்ட கிழவன் எண்டு சாகுமட்டும் சிரிப்பாங்கள்.”

“சிரிக்கட்டுமே. சிரிக்கிறதுக்கும் பக்கத்திலை ஆள் வேணும்.”

ஜன்னலால் பார்த்தார். எதிர்க்கரையில் அந்தப் பகிடிக்காரர் டிராக்டரில் போய்க்கொண்டிருந்தார். இவர் எழும்பி, சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டாமல், கதவைத் திறந்தபடி விட்டு ஓடைவரை நடந்தார். கையைத் தூக்கி ஆட்டினார். டிராக்டர் நிற்கும்வரை ஆட்டிக்கொண்டே நின்றார்.