ஓட்டு எண்ணிய கையும் கீழத்தெரு வாய்க்காலும்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது பாதி, ஓட்டு எண்ணுவது மீதி. தேர்தல் டூட்டி முடிந்து முதுகு பிடித்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டிப் போடுங்க

பூதலூர்ப் பக்கம் நான் கணக்கு டீச்சராக இருக்கும் ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தல். மேலத்தெரு அண்ணன் தங்கராசுக்கும் தம்பி செல்வராசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் இருவருமே நின்றார்கள். எதிரே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையான கீழத்தெருவிலிருந்து காமாட்சி. தூர்ந்து கிடக்கும் தங்கள் வாய்க்காலை வெட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

என் நேரம், அந்த ஊர்ப் பெட்டியே என் மேஜைக்கு வந்தது. யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார் என்ற முறையில் ஒரு சௌகரியம், மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு தெரிந்துவிடும். காமாட்சி ஜெயித்தார்! பாதி ஓட்டுகூட வாங்காமல்! மாலையோடு வந்திருந்த தங்கராசு மாலையை என் மேஜையில் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "எங்க ரெண்டு பேரையும் கூட்டினா நாங்கதானே டீச்சர் ஜாஸ்தி? கூட்டிப் போடுங்க!"

செல்லாத கட்டு

எண்ணும்போதே ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. அண்ணனின் பூட்டுச் சாவிச் சின்னத்தில் ஒரு முத்திரை, அதே சீட்டில் தம்பியின் ஆட்டோ சின்னத்திலும் ஒரு முத்திரை. இப்படியே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. அத்தனையும் செல்லாது.

மறுநாள் அவர்களுடைய அக்கா தனபாக்கியம் பள்ளிக்கூட வாசலில் என்னை மடக்கினார். ஓட்டு ரகசியம் என்று நான் பதறியது அவர் காதில் விழவே இல்லை. "ஒருத்தனுக்கு மட்டும் குத்திட்டு, இன்னொருத்தன் வீட்டுல எப்படிங்க டீச்சர் தண்ணி வாங்கிக் குடிப்பேன்?"

கை தூக்குங்க

அடுத்தது கிராம சபை. எண்ணிப் பழகியவள் என்று கை எண்ணவும் என்னையே கூப்பிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் நூறு நாள் வேலை ஆட்களை வைத்து ஒரு வாய்க்காலைத்தான் வெட்ட முடியும். மேலத்தெரு வாய்க்கால் போன வருஷம்தான் வெட்டியது. இதில் என்ன போட்டி இருக்கப்போகிறது என்று நான் அலட்சியமாக இருந்தேன்.

மேலத்தெரு மொத்தமும் மேலத்தெரு வாய்க்காலுக்கே கை தூக்கியது. தங்கராசும் செல்வராசும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து தூக்கினார்கள். தனபாக்கியம் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைத்தான் எண்ணினேன்; அப்படியும் பாதியைத் தாண்டிவிட்டது. இந்த வருஷமும் கீழத்தெரு நாற்று கருகப்போகிறது. அந்தத் தீர்மானத்தில் தலைவராகக் கையெழுத்துப் போட வேண்டியவர் காமாட்சி. போட்டுவிட்டு நிமிர்ந்தார். "பாதிகூட வாங்காம ஜெயிச்சேன், அநியாயம்னாங்க. இப்ப பாதிக்கு மேல கை தூக்கி எங்க வயலைக் காயப் போடுறாங்க. இது மட்டும் நியாயமா டீச்சர்?"

எது பெரிய எண் என்று கேளுங்கள், கணக்கு டீச்சர் நான் உடனே சொல்லிவிடுவேன்; அதற்கு மேல் தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள்.